சுடலைமுத்து செய்தது சரியா?

கூட வேலை செய்கிறவர்கள் சங்கம் வைக்கிறார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் மேலதிகாரிகளின் பக்கம் சாய்ந்து, அந்தச் சங்கத்தை உடைக்கத் துணை போகிறான். அதற்கு அவனிடம் இருப்பது ஒரே காரணம். தன் மகன் இந்த வேலைக்கு வரக்கூடாது. அதற்குப் பணம் சேர்க்க வேண்டும். பணம் சேர அதிகாரிகளின் தயவு வேண்டும்.

இவன் துரோகியா? அல்லது பிள்ளைக்காகக் கெட்ட பெயரையும் தாங்கிக்கொண்ட தகப்பனா?

பட்டிமன்றத்துக்கு ஏற்ற கேள்வி இது. கதை நடக்கும் ஊரும் தூரத்தில் இல்லை. வெலிங்டன் தீவில் காலையில் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஆலப்புழைதான். அந்த மனிதனின் பெயர் சுடலைமுத்து. அவனுடைய தகப்பன் பெயர் இசக்கிமுத்து. பெயர்களைக் கேட்டாலே எந்தச் சீமைக்காரர்கள் என்று தெரிந்துவிடும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய 'தோட்டியுடெ மகன்' என்ற மலையாள நாவலில் வருகிறவர்கள் இவர்கள்.

கேரளத்தில் பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளியின் கதையை மலையாளத்தின் பெரிய எழுத்தாளர் ஒருவர் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைப் படித்துப் பார்க்கவும், படித்த பிறகு அப்பா அம்மாவோடு வாதாடவும் முழு உரிமை உண்டு. அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்துவதற்கு வீட்டில் உள்ள பெரியவர்கள்தான் வழி செய்ய வேண்டும்.

மூன்று தலைமுறை

நாவலின் கதை மூன்று தலைமுறையைச் சேர்ந்தது. இசக்கிமுத்து ஆலப்புழை நகரசபையில் தோட்டி. அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, வாளியும் மண்வெட்டியும் மகன் சுடலைமுத்துவின் கைக்கு வருகின்றன. சுடலைமுத்துவுக்கு ஒரு மகன் பிறக்கிறான். அந்தப் பிள்ளைக்குத் தங்கள் கூட்டத்தில் வழக்கமாக வைக்கும் பெயர் எதையும் அவன் வைக்கவில்லை. மோகனன் என்று பெயர் வைக்கிறான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறான். கூட்டாளிகளிடமிருந்து விலகி நடக்கிறான். காசு சேர்க்கிறான். சங்கம் உடைவதற்கும் காரணமாகிறான்.

ஆனால் ஊரில் காலரா வருகிறது. தாயும் தகப்பனும் போய்விடுகிறார்கள். கடைசியில் மோகனனும் அதே வாளியைத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. தகப்பன் எந்தச் சங்கத்தை உடைத்தானோ, அந்தத் தொழிலாளர்களின் முன்னணியில் மகன் நிற்கிறான்.

மனிதக் கழிவை மனிதன் அள்ளும் வேலையைத் தடை செய்து 1993-லும் 2013-லும் மத்திய அரசு சட்டங்கள் கொண்டு வந்தது. தகழியின் நாவல் அதற்கு எவ்வளவோ முன்னால், அந்த வேலையைச் செய்த மனிதர்களை மனிதர்களாகவே காட்டியது.

இந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. இவர் சிறு வயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர். பள்ளியில் தமிழ் படிக்கவில்லை. பதினெட்டு வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே, இருபது வயதை ஒட்டி, அவர் எடுத்துக்கொண்ட முதல் பெரிய இலக்கிய வேலை 'தோட்டியின் மகன்' மொழிபெயர்ப்புதான். அது முழுப் புத்தகமாக வெளிவந்தது 2000-ல். தகழியின் 'செம்மீன்' நாவலையும் அவரே தமிழாக்கினார். பின்னாளில் அவர் தமிழின் முதல் வரிசை நாவலாசிரியர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார்.

பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லையே, வயது போய்விட்டதே என்று கவலைப்படும் பெற்றோர் இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கட்சி

'தோட்டியின் மகன்' நாவலைப் படித்த நான்கு பிள்ளைகளை எதிரும் புதிருமாக உட்கார வைத்தால் என்ன நடக்கும்?

ஒரு கட்சி சுடலைமுத்துவின் பக்கம் பேசும். அவன் கேட்டது என்ன, பங்களாவா, காரா? மகனுக்கு வேறு ஒரு வேலை. அவ்வளவுதானே! சங்கம் ஜெயித்தால் கூலி கொஞ்சம் கூடும்; ஆனால் வாளி கையை விட்டுப் போகாது. அவன் வாளியையே விட்டொழிக்கப் பார்த்தான். பிழைக்க வந்த ஊரில் தகப்பன் தன் பிள்ளையைப் பார்க்காமல் ஊரையா பார்ப்பான்?

எதிர்க்கட்சி விடாது. பத்துப் பேர் தோளில் கால் வைத்து ஒருவன் மட்டும் சுவர் ஏறினால், கீழே நிற்கிறவர்களின் பிள்ளைகள் என்ன ஆவது? அவர்களும் பிள்ளைகள்தானே? மேலும் அவன் நம்பியது யாரை? தன்னை மனிதனாகவே மதிக்காத அதிகாரிகளை. கூட இருந்தவர்களை நம்பாதவன், மேலே இருந்தவர்களை நம்பினான். முடிவில் மகனும் தப்பவில்லை. ஆகவே அவன் செய்தது பாவம் மட்டுமல்ல, தப்புக் கணக்கும் ஆகும்.

உடனே முதல் கட்சி எழுந்திருக்கும். காலரா வந்தது அவன் குற்றமா? அவன் உயிரோடு இருந்திருந்தால் மகன் படித்திருக்க மாட்டானா? முடிவை வைத்து ஒருவனுடைய நியாயத்தை அளக்கலாமா?

இப்படியே போகும். பரீட்சைத் தாளில் இதற்கு ஐந்து மார்க்குக்கு மேல் கிடைக்காது. ஆனால் சாப்பிட உட்காரும்போது பிள்ளை கேட்கும்: "அப்பா, நீங்க சுடலைமுத்துவா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

துறைமுகத்திலோ, ரயில்வேயிலோ, கம்பெனி ஆபீசிலோ வேலை பார்க்கும் எந்தத் தகப்பனும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. பிரமோஷன், டிரான்ஸ்பர், ஸ்டிரைக், சங்கச் சந்தா எல்லாம் அவன் நினைவுக்கு வரும். பிள்ளையின் பள்ளிக்கூட பீஸும் நினைவுக்கு வரும். ஒரு நல்ல நாவல் செய்யும் வேலை இதுதான். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவில், வழக்கமாகப் பேசவே வராத ஒரு விஷயத்தைக் கொண்டு வந்து வைத்துவிடுகிறது.

குமாஸ்தாக்கள் தொடங்கிய கலை

நாவல் என்றால் வேலையற்றவர்கள் படிப்பது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஆனால் தமிழிலும் மலையாளத்திலும் நாவலைத் தொடங்கி வைத்தவர்கள், ஆபீஸ் வேலையில் நாள் முழுவதும் கழித்தவர்கள்.

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளிவந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை, கோர்ட்டில் ரெக்கார்டு கீப்பராக உத்தியோகத்தில் நுழைந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். தமிழில் வசன நூல் போதவில்லை என்ற குறையைத் தீர்க்க அவர் எழுதினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1889-ல், மலையாளத்தில் 'இந்துலேகா' வந்தது. எழுதிய ஒய்யாரத்து சந்து மேனனும் கோர்ட்டு குமாஸ்தாவாகத் தொடங்கி முன்சீப்பாக உயர்ந்தவரே. அந்த நாவல் பிறந்த கதை சுவையானது. அவருக்கு ஆங்கில நாவல் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. எப்போது பார்த்தாலும் புத்தகமும் கையுமாக இருந்ததால் நெருங்கியவர்களுக்கு மனத்தாங்கல். அவர்களைச் சமாதானம் செய்ய, படித்த கதைகளை மலையாளத்தில் சொல்லிப் பார்த்தார். ஒரு நாவலை மொழிபெயர்க்கவும் முயன்றார். சரிப்பட்டு வரவில்லை. கடைசியில், நம் ஊர் மனிதர்களை வைத்து நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து, ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்டு மாதத்தில் முடித்துவிட்டார்.

அந்த நாவலின் கதாநாயகன் மாதவன், சென்னையில் படித்து அங்கேயே செக்ரடேரியட்டில் உத்தியோகம் பெற்றவன். நாவலில் ஒரு நீண்ட அத்தியாயம் முழுவதும், மூன்று பேர் உட்கார்ந்து கடவுள் உண்டா இல்லையா, காங்கிரஸ் வேண்டுமா வேண்டாமா என்று வாதம் செய்கிறார்கள். மலையாள நாவல் பிறக்கும்போதே வாதத்தோடுதான் பிறந்தது எனலாம்.

தகழியும் அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். முன்சீப்புகளும் வக்கீல்களும் நாவல் எழுதியதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. அவர்கள் இரண்டு தரப்பையும் கேட்டுப் பழகியவர்கள். நாவலைப் படிக்கிறவனும் அப்படியே இரண்டு தரப்பையும் கேட்க வேண்டியிருக்கிறது. தீர்ப்பை மட்டும் எழுத்தாளர் வாசகனிடம் விட்டுவிடுகிறார்.

நமக்கும் இது புதிதல்ல. 1939-ல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கினார். கம்பனின் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாட, ஊரே உட்கார்ந்து கேட்டது. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் 'வட்டத்தொட்டி' கூடியது. அங்கே பரீட்சை இல்லை, மார்க்கு இல்லை. கவிதையைப் படித்து ருசிப்பதற்காகவே பெரியவர்கள் கூடினார்கள். கம்பனுக்குச் செய்ததைக் கல்கிக்கும் தகழிக்கும் நம் பிள்ளைகள் செய்யலாம்.

'பொன்னியின் செல்வன்' ஒன்றே போதும். 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் தொடர்கதையாக வந்த அந்த நாவலில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வாசகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நந்தினியா, ரவிதாஸன் கூட்டமா, வேறு யாராவதா? கதாநாயகன் அருள்மொழிவர்மனா, வந்தியத்தேவனா? 2022-லும் 2023-லும் சினிமாவாக வந்த பிறகு, நாவலைத் தொடாத இளைஞர்களும் புத்தகத்தைத் தேடினார்கள். கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையாக்கப்பட்டிருப்பதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிட்டிருக்கின்றன.

நான்டீடெயிலும் நாவலும்

பள்ளிக்கூடத்திலும் கதைப் புத்தகம் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. நம் காலத்து நான்டீடெயிலை யார் மறப்பார்கள்? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில்கூட 2010-களில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் எச்.ஜி. வெல்ஸின் 'இன்விசிபிள் மேன்', ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' ஆகிய இரண்டில் ஒரு நாவல் படிக்க வேண்டும் என்று இருந்தது. பின்னர் அது எடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டும் அருமையான நாவல்கள். ஊரை விட்டு வந்து, தறியும் தங்கக் காசுமே கதி என்று தனிமையில் வாழும் நெசவாளி சைலஸ் மார்னர், வெளியூரில் பிழைக்கும் எந்தத் தமிழனுக்கும் பரிச்சயமான ஆள். ஆனால் பாத்திரத்தின் குணநலனை நூற்றைம்பது வார்த்தைக்குள் எழுது என்ற கேள்விக்காகப் படிக்கும்போது, சைலஸ் மார்னர் மனிதனாகத் தெரியமாட்டான். கேள்வி நம்பராகத்தான் தெரிவான். நோட்ஸ் வாங்கிப் படித்தால் போதும் என்று பிள்ளை நினைத்தால் அது பிள்ளையின் குற்றமல்ல.

பாடத்துக்காகப் படிப்பது தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் சந்தோஷத்துக்காகப் படிக்கும் புத்தகம் வேறு. அதற்கு ஒரு அடையாளம் உண்டு. அதைப் பிள்ளையே தேர்ந்தெடுத்திருக்கும்.

யார் தேர்ந்தெடுப்பது?

இங்குதான் வீட்டில் தகராறு வருகிறது. பிள்ளை துப்பறியும் கதை எடுக்கிறது. அப்பாவுக்குத் திருக்குறள் உரை வாங்கித் தர ஆசை. பிள்ளை பேய்க் கதை கேட்கிறது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பொது அறிவுப் புத்தகமாவது எடு, கம்பெடிஷன் பரீட்சைக்கு ஆகும் என்கிறார் மாமா. கடைசியில் பிள்ளை எதையும் எடுக்காமல் செல்போனை எடுக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் நூலாக வெளியிட்டார். இன்று உலகமெங்கும் நூலகர்கள் படிக்கும் அந்த விதிகளில் இரண்டின் கருத்து இது: ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் ஒருவன் இருக்கிறான். அதே 1931-ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் இருந்து ஒரு மாட்டு வண்டி நூலகம் கிராமம் கிராமமாகப் புறப்பட்டது. வாசகன் நூலகத்தைத் தேடி வர முடியாவிட்டால் புத்தகம் அவனைத் தேடிப் போகட்டும் என்பதுதான் ஏற்பாடு.

ரங்கநாதனின் விதியை வீட்டுக்குக் கொண்டு வந்தால், அப்பாவுக்குரிய புத்தகம் பிள்ளைக்குரிய புத்தகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துப்பறியும் கதை படிக்கிற பிள்ளை, கொலை செய்தது யார் என்று யோசிக்கப் பழகுகிறது. அந்தப் பழக்கம்தான் பிறகு ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்க வைக்கும். அதற்கும் பிறகு, சுடலைமுத்துவைத் தோற்கடித்தது யார் என்று கேட்க வைக்கும். படிக்கட்டில் முதல் படி உயரம் குறைவாக இருப்பதில் தவறில்லை.

பிள்ளைக்குப் புத்தகம் பிடிக்கவில்லையா? பாதியில் மூடி வைக்கட்டும். சாப்பாட்டைப் பாதியில் வைத்தால்தான் வீண். நூலகப் புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். ஏன் பிடிக்கவில்லை? அந்தக் காரணத்தைப் பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டால், அதுவே விமர்சனம். வாதம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

தீவுப் பிள்ளைகளின் மொழி

இதில் வெலிங்டன் தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு.

இந்தத் தீவே இறக்குமதிச் சரக்குபோலக் கொண்டு வந்து கொட்டப்பட்ட மண். 1920-ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் திட்டப்படி காயலை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் குவித்துத் தீவாக்கினார்கள். 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அந்நாளைய வைஸ்ராய் வெலிங்டன் பிரபுவின் பெயர் தீவுக்கு வைக்கப்பட்டது. துறைமுகம், ரயில்வே, கடற்படை, சுங்க இலாகா என்று வேலைகள் வந்தன. வேலைகளைத் தேடிப் பல மாநிலத்தவர்களும் வந்தார்கள். ஒரு காலத்தில் பயணி ரயில்கள் வந்து நின்ற ஹார்பர் டெர்மினஸுக்கு இப்போது அந்தக் கூட்டம் இல்லை. 2011-ல் வல்லார்பாடம் முனையம் திறந்ததும் கண்டெய்னர் வேலையும் அக்கரைக்குப் போயிற்று.

இப்படிப்பட்ட இடத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். நான்கு மொழி காதில் விழுகிறது. ஆனால் தமிழ் எழுத்து மட்டும் கண்ணில் படுவதில்லை. பேச்சு தமிழாக இருக்கும்; பஸ் போர்டு மலையாளத்தில் படிக்கும். மட்டாஞ்சேரியிலும் போர்ட்கொச்சியிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான்.

தகப்பன் தமிழில் மட்டும் படிப்பார். பிள்ளை மலையாளத்தில் மட்டும் படிக்கும். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேறு வேறு அலமாரியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே நாவலை இரண்டு எழுத்திலும் எடுக்க வேண்டும். தகப்பன் 'தோட்டியின் மகன்' படிக்கட்டும்; பிள்ளை 'தோட்டியுடெ மகன்' படிக்கட்டும். ராத்திரி இருவரும் வாதாடட்டும். வாதம் எந்த மொழியில் நடக்கும்? வீட்டு மொழியில்தான். மலையாளத்தில் படித்த கதையைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது பிள்ளையின் தமிழ் தானே வளரும். சுடலைமுத்து தமிழில் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் மனம் வரும். அரிச்சுவடியைக் காட்டி அடிப்பதைவிட இது நல்ல வழி.

ஜோடிப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. தகழியின் 'செம்மீன்' 1956-ல் வெளிவந்து, அடுத்த ஆண்டு சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. 1965-ல் சினிமாவாகவும் வந்தது. வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகால சகி', 'பாத்தும்மாவின் ஆடு' ஆகியவை தமிழில் கிடைக்கின்றன. பஷீர் எர்ணாகுளத்திலேயே புத்தகக் கடை வைத்திருந்தவர் என்பது இங்குள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் உறவு. அவருடைய நாவல்கள் சிறியவை, மொழி எளிது, சிரிக்காமல் படித்து முடிக்க முடியாது. முதல் புத்தகமாக எடுக்க இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

மறுபக்கமும் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை', 'ஜே.ஜே: சில குறிப்புகள்' இரண்டையும் கவிஞர் ஆற்றூர் ரவிவர்மா மலையாளத்தில் மொழிபெயர்த்தார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆலப்புழைத் தமிழ்த் தோட்டியின் கதையை மலையாள எழுத்தாளர் எழுதினார். அதைத் தமிழாக்கியவர் 1981-ல் தாம் எழுதிய 'ஜே.ஜே' நாவலில் ஒரு மலையாள எழுத்தாளனைக் கற்பனை செய்து கதாநாயகன் ஆக்கினார். கடன் தீர்ந்தது என்றே சொல்லலாம்!

கேரளத்தில் இருந்துகொண்டே தமிழில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். அவருடைய 'தலைமுறைகள்' 1968-ல் வந்தது. ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்துகொண்டே அந்தக் கடைத்தெருவைப் பற்றிக் கதைகள் எழுதினார். 2015-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் மலையாள வழியில் படித்தவர். தமிழ் நாவலையும் முதலில் மலையாள எழுத்தில் எழுதி, பிறகு தமிழ் எழுத்துக்கு மாற்றச் செய்தார். அவருக்கும் 1997-ல் அகாதமி விருது கிடைத்தது.

எனவே இரண்டு மொழிக்கு நடுவில் வளர்வது குறை என்று பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. தமிழ் நாவலுக்குப் பெரிய சேவை செய்தவர்களில் சிலர் அப்படி வளர்ந்தவர்களே.

புத்தகம் எங்கே?

காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. மாதக் கடைசியில் நாவல் வாங்க யாரிடமும் பணம் இருக்காது. ஆனால் கேரளத்தில் இதற்குக் கவலை குறைவு.

நீலம்பேரூரில் பிறந்த பி.என். பணிக்கர், 1945-ல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளை ஒன்று சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் தொடங்கினார். படித்து வளர் என்பதுதான் அவர் ஊர் ஊராகச் சொல்லி நடந்த கோஷம். அந்த இயக்கத்துக்கு 1975-ல் யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா பரிசு கிடைத்தது. 1989-ல் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று மாநில நூலகக் கவுன்சிலோடு இணைந்த நூலகங்கள் 8,000-க்கும் மேல். எர்ணாகுளம் மாவட்டம் 1990-ல் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது என்றால், அதற்குப் பின்னால் இத்தகைய வாசகசாலைகள் இருந்தன.

பணிக்கர் 1995 ஜூன் 19-ல் காலமானார். அடுத்த ஆண்டு முதல் அந்த நாள் வாசிப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2017-ல் தேசிய அளவிலான வாசிப்பு மாதத்தைப் பிரதமர் தொடங்கி வைத்ததும் நம் எர்ணாகுளத்தில்தான். நூலகக் கவுன்சில் மாணவர்களுக்கு வாசிப்புப் போட்டியும் நடத்துகிறது. முன்கூட்டியே புத்தகப் பட்டியல் கொடுத்து, பள்ளி, தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும். தமிழ்ப் பிள்ளைகளும் தங்கள் பள்ளியில் விசாரித்துப் பெயர் கொடுக்கலாம்.

வாசகசாலையில் தமிழ்ப் புத்தகம் இல்லாவிட்டால் கேட்க வேண்டும். நாலு குடும்பம் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. வாசகன் கேட்பதே நூலகத்துக்கு ஊட்டம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது மூட்டையில் முறுக்கோடும் அப்பளத்தோடும் இரண்டு நாவல் வந்தாலும், நாலு வீட்டில் சுற்றி வரும்.

வாதம் நடத்தும் முறை

குவார்ட்டர்ஸ் வராந்தாவிலோ, மொட்டை மாடியிலோ, விடுமுறை நாளில் ஆறு பிள்ளைகள் சேர்ந்தால் போதும். மேடையும் மைக்கும் வேண்டாம். மூன்று விஷயங்களை மட்டும் கவனித்தால் வாதம் உருப்படியாக நடக்கும்.

ஒன்று, பேசுகிறவர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும். சினிமா பார்த்துவிட்டு வந்து பேசுவது செல்லாது. 'செம்மீன்' படத்தைப் பார்த்தவர்களும் நாவலைத் திறக்க வேண்டும்.

இரண்டு, எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யலாம். சுடலைமுத்துவை வெறுக்கிற பிள்ளைக்கு அவன் பக்கம் பேசும் சீட்டு வந்தால், அவன் பட்ட பாட்டை அது நினைத்துப் பார்க்க வேண்டி வரும். அடுத்தவன் நிலைமையில் நின்று யோசிக்கும் பழக்கத்தை இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

மூன்று, பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டு இருக்கலாம். கேள்வி கேட்கலாம். பிள்ளை கேள்வி கேட்டால் உண்மையான பதில் சொல்லலாம். சுடலைமுத்து தன் மகனுக்காக எல்லாம் செய்தான். ஏன் செய்தான் என்பதைத்தான் தன்னுடைய கூட்டாளிகளிடம் மனம் விட்டுப் பேசவில்லை. மகனோடு உட்கார்ந்து வாதாடும் காலம் வரை அவன் உயிரோடு இருக்கவும் இல்லை.

அந்த வாய்ப்பு இன்றைய தகப்பன்களுக்கு இருக்கிறது. டியூட்டி முடிந்து வந்த களைப்பிலும் அரை மணி நேரம் கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை பிள்ளையைப் பக்கத்து வாசகசாலைக்குக் கூட்டிப் போகலாம். அலமாரி முன்னால் அதைத் தனியாக விட்டுவிட்டு, பத்திரிகை மேஜைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.